உள்ளி தொடாத சஷ்டி

கதவைத் திறந்ததும் முதலில் மீன் மணம்... பிறகு கிருமி வளர்க்கக் காய்ச்சிச் சூடாற வைத்திருக்கும் ஏகாரும், அதில் கலக்க உடைத்த முட்டை மஞ்சட்கருவும் சேர்ந்த ஒரு மணம். இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு மேல்மாடி லாப். நிலாவெளி, குச்சவெளிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். பிள்ளை இல்லை.

அங்கே ஒரு வெள்ளைத் தூள் இருந்தது. பொட்டாசியம் டெலுரைட். டெலுரியம் ஒக்சைட்டைப் பொட்டாசியக் காரத்தில் கரைத்து எடுக்கிற உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்து ஏகாரில் கொஞ்சம் விட்டால் மற்றக் கிருமிகள் அநேகமாகத் தலைகாட்டா. நாங்கள் தேடுகிற கிருமி மட்டும் உப்பிலிருந்து உலோகத்தைப் பிரித்து, கறுத்துப்போய்ப் புள்ளி புள்ளியாக நிற்கும். கள்ளன் தானே கையைத் தூக்குகிற மாதிரி!

அந்தக் கிழமை ஏசி பழுது. வெக்கை தாங்காமல் ஃபேனைச் சுழலவிட்டு, தராசில் மூக்கு முட்டக் குனிந்து தூள் நிறுத்தேன். என்ன மடைச்சி நான்!

வீட்டில் கந்தசஷ்டி. எனக்குப் பிள்ளை வேண்டுமென்று மாமியும் சேர்ந்து விரதம். ஒரு நேரம் பாலும் பழமும். அந்த ஆறு நாளும் குசினியில் உள்ளிப் பூண்டு உரிக்கவே மாட்டோம்.

மூன்றாம் நாள் காலை, பால் செம்பை நீட்டிய மாமி சட்டென்று நின்றார்.

“பிள்ளை... உள்ளி சாப்பிட்டனீரோ?”

“ஐயோ, இல்லை மாமி! விரதத்தில நான் ஏன் சாப்பிடப்போறன்?”

“எனக்கு மணக்குது.”

உள்ளங்கையில் ஊதிப் பார்த்தேன். உண்மைதான். உள்ளி!

ஒன்றும் விளங்கவில்லை... நித்திரையில் எழும்பிப் போய்ச் சாப்பிட்டேனா? குளித்துவிட்டு வந்தாலும் வியர்வையில் அதே மணம். “சாப்பிட்டா சாப்பிட்டனெண்டு சொல்லுமன், அம்மா ஏசமாட்டா,” என்றார் என் கணவர். அதுதான் எனக்குச் சுட்டது.

மாமி வீட்டிலிருந்த உள்ளியையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் மணம் இன்னும் கூடிவிட்டது. இப்போது மாமிக்கும் குழப்பம்! இடுப்பில் சாவியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“விரதம் முறிஞ்சா எந்த முகத்தோட முருகனிட்டப் பிள்ளை கேட்கிறது?” என்று அழுதார். நானும் அழுதேன்.

ஐந்தாம் நாள், தூள் போத்தல் வந்த பெட்டிக்குள் மடித்துக் கிடந்த தாளை முதல்தரமாக வாசித்தேன். நஞ்சு. தூசியைச் சுவாசித்தால் மூச்சிலும் வியர்வையிலும் உள்ளி மணம் வரும், பல நாள் போகாது. கிருமிக்குக் கொடுத்தால் கறுப்பு, எனக்குக் கொடுத்தால் உள்ளியா? சிரிக்கிறதா, பயப்படுகிறதா?

மாமிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப விரதம் முறியேல்லை?”

“இல்லை மாமி.”

“பாவி, நஞ்சையும் இழுத்துக்கொண்டு பட்டினியும் கிடந்தனீரே...” என்று அலுமாரிச் சாவியை என் கையில் வைத்தார்.

இப்போது அந்தக் கலவை போத்தலில் ரெடிமேடாக வருகிறது. லாப்பில் ஒருவரும் தூள் நிறுப்பதில்லை.

பிள்ளை பிறக்கவில்லை. அந்தத் தூள்தான் காரணமோ என்று டொக்டரைக் கேட்டேன். “அப்பிடிச் சொல்ல ஏலாது,” என்றார். இல்லை என்றாரா, தெரியாது என்றாரா? இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு மாமிக்கு ஒரு மணமும் தெரிவதில்லை. ஆனாலும் சஷ்டி இரண்டு பேரும்தான் பிடிக்கிறோம். போன முறை பால் செம்பை நீட்டினபோது, பகிடிக்கு அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினேன்.

மாமி சிரிக்கவில்லை. கிட்ட வந்து, கண்ணை மூடி, நல்லாய் இழுத்துப் பார்த்தார்.

“நீர் ஒண்டும் சாப்பிடேல்லை பிள்ளை. எனக்குத் தெரியும்.”