மட்கார்டு மேல் உட்கார்ந்து போன மறுவீடு

லைட் வேலப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் உடம்பைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு எரிச்சல்தான். என்ன செய்ய, அவன் கல்யாணத்தில் விளக்கு எரிந்ததே என் உடம்பால்தானே! என் பெயர் நீலமேகம். துறைமுகத்தில் மூட்டைகளுக்கு எடை போடும் வேலை. என் எடையை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் கெட்ட கோபம் வரும்.

என் சிநேகிதன் வேலப்பன் ராயபுரத்தில் மோட்டார் வண்டிகளுக்கு லைட் ரிப்பேர் செய்கிறவன். அப்பா அம்மா இல்லை, அக்கா கெங்கம்மா வளர்த்த பிள்ளை. வீடு வாசல் எதுவும் கிடையாது. 'லைட் வேலப்பன்' என்ற பெயர் ஒன்றுதான் சொத்து. எந்த வண்டி வந்தாலும், "மொதல்ல எர்த்தைப் பாரு நைனா" என்பான். பாட்டரியிலிருந்து விளக்குக்குப் போன கரண்ட், வண்டியின் இரும்புடம்பு வழியாகத் திரும்பி வர வேண்டும். விளக்கு அந்த இரும்பைத் தொடும் இடத்துக்குத்தான் எர்த்து என்று பேர். அது விட்டுப்போனால் புது பல்பு போட்டும் பிரயோஜனமில்லை. இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறான், நான் கேட்காமலே.

1952 தை மாதம் காலடிப்பேட்டை மாரியப்பன் மகள் தாயம்மாவை அவனுக்குப் பேசி முடித்தோம். மாரியப்பனுக்கு மருமகன் பெருமை பேசி மாளாது. "மறுவூட்டுக்கு என் மாப்ள வர்ற காரு லைட்டுல நம்ம தெருவே பகலாயிடும், பாத்துக்கினே இரு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து வேலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் கூட்டாளி ஜெயவேலின் பழைய திறந்த காரைக் கேட்டு வாங்கி, கல்யாணத்துக்கு முதல் நாள் விளக்குகளைக் கழற்றி மினுக்கி, சக்கரத்தை மூடும் மட்கார்டுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்து, விளக்குகளை அதன்மேல் திரும்ப மாட்டினான். வேலை முழுக்க விசில் வேறு.

மறுநாள் காலையில் தாலி கட்டியாயிற்று. சாயங்காலம் ராயபுரத்திலிருந்து புறப்பட்டோம். ஜெயவேல் வண்டியை ஓட்ட, பக்கத்தில் கெங்கம்மா. பின் சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டு நான். டோல்கேட்டில் பாண்டு வாத்தியம் காத்திருந்தது. இருட்டத் தொடங்கியதும் ஜெயவேல் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. இன்னொரு தடவை தட்டினான். ம்ஹூம்.

வேலப்பன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கப் போனான். கெங்கம்மா விடுவாளா?

"டேய், மறுவூட்டு வாசலுக்கு முன்னாடி காலக் கீய வச்சே, அப்பால நான் பொல்லாதவளாயிடுவேன்!"

அவன் மடியில் செருகியிருந்த ஸ்குரூ டிரைவரைக் காலையிலேயே பிடுங்கி வீட்டில் வைத்துவிட்ட மகராசி அவள். ஆகவே அவன் சீட்டில் உட்கார்ந்தபடியே வைத்தியம் சொல்ல, கையைக் கரியாக்கிக்கொண்டது நான்.

"ஆரன் அடிக்கச் சொல்லு." ஜெயவேல் அடித்தான், ஊரே கேட்டது. பாட்டரியில் குறையில்லை. "அப்போ பியூஸு." சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டேன். எரியவில்லை. "பல்பை ஆட்டிப் பாரு."

இடது மட்கார்டில் சாய்ந்துகொண்டு கையை விட்டேன். பளீரென்று இரண்டும் எரிந்தன! பாண்டுக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். "பாத்தியா என் கைராசிய!" என்று நிமிர்ந்தேன். அவிந்துவிட்டது. மறுபடி சாய்ந்து ஒயரை இழுத்தேன், எரிந்தது. வியர்வையைத் துடைக்க எழுந்தேன், அவிந்தது. கூடியிருந்த கூட்டம், எரிந்தால் "ஓ!" போட்டது, அவிந்தால் "ஐயோ!" போட்டது. எவனோ ஒருத்தன், "லைட்டு மாப்ளைக்கே லைட்டு இல்லியாம்பா!" என்றான்.

வேலப்பன் அழாத குறை. பக்கத்தில் இருப்பவள் என்ன நினைப்பாளோ என்ற ஒரே கவலையில் அவன் மூளை நின்றுவிட்டது. ஆளுக்கு ஆள் பாடம் நடத்திய எர்த்து, அவனுக்கே ஞாபகம் வரவில்லை.

அதுவரை குனிந்த தலை நிமிராத தாயம்மா லேசாக அவன் பக்கம் திரும்பினாள். கட்டினவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்: "அந்த அண்ணாத்த சாஞ்சாக்கா எரியுது, நிமிர்ந்தாக்கா அவிஞ்சிடுது. நானும் அப்போலேர்ந்து பாத்துகினே கீறேன்."

வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அட கஸ்மாலமே! எர்த்து! பெயிண்ட் மேலயே திருகைப் போட்டுக்கீறேன் நானு!"

என் பாரம் அழுத்தினால்தான் இரண்டு விளக்குக்கும் பொதுவான அந்தத் திருகு இரும்பைத் தொடுகிறது. பெயிண்டைச் சுரண்ட வேண்டும். திருகைக் கழற்றக் கையில் ஒன்றுமில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னா பாக்குறீங்க?" என்று எகிறினேன்.

"குந்து நைனா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான் வேலப்பன்.

குந்தினேன். பளீர்! பாண்டு முழங்க, வண்டி ஊர்ந்தது. எதிரே வந்தவர்கள் நான்தான் மாப்பிள்ளை என்று நினைத்து எனக்குக் கும்பிடு போட்டார்கள். நானும் பதிலுக்குப் போட்டேன், என்ன கெட்டுப்போச்சு!

காலடிப்பேட்டையில் தன் வீட்டு வாசலில் மாரியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று கத்தியவர், சந்தோஷத்தில் ஓடிவந்து, "வாப்பா நீலமேகம், அங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறே!" என்று என் கையைப் பிடித்து இழுத்தே விட்டார்.

விளக்கு அவிந்தது. ஆரத்தி எடுக்க வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். பழியை ஜெயவேல் வண்டி மேல் போட நான் வாயைத் திறப்பதற்குள் வேலப்பன் கீழே இறங்கிவிட்டான்.

"வண்டி மேல தப்பு இல்ல மாமா. பெயிண்ட் அடிச்சு எர்த்தை மூடினது நான்தான். கண்டுபிடிச்சது உங்க பொண்ணு."

'லைட் வேலப்பன்' என்ற பெயர் ஒன்றையே சொத்தாக வைத்திருந்தவன், அத்தனை பேர் முன்னால் இதைச் சொன்னான்.

மாரியப்பன் மருமகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தாயம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "அடி என் கண்ணு!" என்று சொல்லிவிட்டு அவரே வீட்டுக்குள் ஓடி ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்தார். வேலப்பன் பட்டு வேட்டியோடு மண்ணில் படுத்தான். தாயம்மா யார் கையிலிருந்தோ லாந்தரை வாங்கி, குனிந்து அவனுக்கு வெளிச்சம் காட்டினாள்.

ஐந்து நிமிஷத்தில் இரண்டு விளக்கும் தெருக்கோடி வரைக்கும் எரிந்தன. தாயம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாத்த, திரும்பிப் போவசொல்ல நீங்க சீட்டுலயே குந்திக்கலாம்."

தெருவே சிரித்தது. கோபம் வர வேண்டிய எனக்கு அன்றைக்கு வரவே இல்லை.