மெழுகுவர்த்தியிடமிருந்து ஓடியவன்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். முப்பது வருடமாக, காலையில் வேனிலிருந்து இறங்கும் ஆட்களுக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். தீயைப் பார்த்தால் அணைக்க நிற்காதே, ஓடு. தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பாதே, செருப்பைத் தேடாதே. பட்டாசுக்குள் போகும் கலவையை நாங்கள் மருந்து என்போம். சில மருந்தில் தண்ணீர் பட்டால் இன்னும் கோபமாக எரியும். அதனால்தான் ஓட்டம். ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கம் வாசல் வைத்திருப்பதும், நாலு பேருக்கு மேல் உள்ளே விடாததும் ஓடுவதற்குத்தான்.

போன வருடம் என் மனைவி இறந்துபோனாள். சிறுநீரகம் கெட்டு, ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, பிறகு அலைச்சலும் நின்றது. நான் அழவில்லை. அழுகையை அடக்கினேன் என்று சொன்னால் அது பீலா. அடக்குவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. துக்க வீட்டில், "ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல நிக்காதீக" என்று சொந்தக்காரர்களை நான் வெளியே அனுப்பியதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை. ஆனால் செய்யக்கூடிய ஆள்தான்.

மகள் விருதுநகரில் நர்ஸ். என்னைத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். நான் ஆமத்தூர் வீட்டிலேயே இருக்கிறேன் என்றேன். வீட்டின் மேல் பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். காரணம் அதுவல்ல. மகள் வீட்டில் என்னை ஆறுதல்படுத்துவார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கலாம்.

"சரிப்பா, இருங்க. ஆனா ஒரே ஒரு கோளாறு நடந்துச்சுன்னாலும் வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்" என்றாள் மகள்.

"ஒண்ணும் நடக்காது தாயி. அப்பா பாதுகாப்புக்குப் பேர் போன ஆளு" என்றேன்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மனைவி படத்துக்கு முன்னால் சாயங்காலம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சின்னதாக ஒரு ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தாள் மகள். நானும் ஏற்றினேன். ஏற்றினேனே தவிர, அங்கே உட்காரவில்லை. தீக்குச்சியைக் கிழித்து வைத்துவிட்டு, ரசத்தைச் சுடவைக்கிறேன், துணியை எடுக்கிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விடுவேன். சாக்கு யாரிடம் என்று கேட்காதீர்கள். வீட்டில் நான் மட்டும்தான்.

பாதுகாப்புக்குப் பேர் போன அந்த ஆள், மெழுகுவர்த்தியை எதில் ஒட்டியிருந்தார் தெரியுமா? பிஸ்கட் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில். மேலே சுவரில் நாள்காட்டி. தலைக்கு மேல் மின்விசிறி, முழு வேகத்தில்.

ஒரு புதன்கிழமை, ரசம் நுரை கட்டும் நேரத்தில் கருகிய வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். காற்றில் படபடத்த தாள் ஒன்று சுடரில் பட்டு, நாள்காட்டி அடியிலிருந்து மேலே எரிந்துகொண்டிருந்தது. மூடி உருகி மேஜையில் வழிந்தது. பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

நான் ஓடினேன்.

வெறுங்காலோடு வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ச் சாரியில் நின்றுகொண்டு கத்தினேன்: "எல்லாரும் வெளிய வாங்க! தூரமாப் போங்க!"

அடுத்த வீட்டு அம்மா, காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குகிறவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு என் வீட்டுக்குள் போனார்.

"தண்ணி ஊத்தாதீக!" என்று அலறினேன்.

சளார் என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வெளியே வந்தவர் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"என்ன அண்ணாச்சி, உள்ள மருந்தா அரைச்சுக்கிட்டு இருந்தீக? ஒத்த மெழுகுவர்த்திக்கா இம்புட்டு ஓட்டம்?"

"மககிட்டச் சொல்லிராதீக தாயி."

"நான் எதுக்குச் சொல்லுதேன்? தெருவே பாத்திருக்கு."

சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி. சிவகாசிப் பக்கம் வீட்டில் காலண்டருக்கா பஞ்சம்? மூன்றை எடுத்து மேலும் கீழுமாக மாட்டி மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஏம்ப்பா, ஒரே சுவத்துல மூணு காலண்டரு? ஒரு நாளை மூணு தரம் பாக்கீகளோ?"

நடுவில் இருந்ததைத் தூக்கிப் பார்த்தாள். கரி அவள் விரலில் ஒட்டியது. எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா படம் அங்கனதான இருந்துச்சு? அதை எடுத்துட்டு ஓடலையா?"

"இல்ல."

"தோணலையா?"

"எதையும் எடுக்கக்கூடாதுல்லா. அப்படித்தான் ஆளுகளுக்குச் சொல்லிக்குடுக்கோம்."

படத்தின் சட்டம் ஓரத்தில் கருகியிருந்தது. அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வெட்கம்கூட வரவில்லை. துணிப்பை எங்கே இருக்கிறது, அதில் எத்தனை வேட்டி வைக்கலாம் என்று யோசித்தேன். பேச்சு என்றால் பேச்சுதானே, மகளோடு கிளம்ப வேண்டும்.

அவள் கிளம்பச் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தாள். நடுவில் கனமான டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் மெழுகை உருக்கி மெழுகுவர்த்தியை அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினாள். மேஜையைச் சுவரிலிருந்து தள்ளி இழுத்தாள். காலண்டர்களைக் கழற்றினாள். விசிறியை நிறுத்தினாள். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"எரியுத வரைக்கும் இதுலதான் இருக்கணும். அடுப்படிக்குப் போகணும்னா அணைச்சுட்டுப் போங்க. அணைச்ச பெறகு எனக்குப் போன் பண்ணுங்க. ஒரு மாசம் பாக்கேன். சரியா இருந்தீகன்னா இங்கனயே இருங்க."

"உக்காந்து என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். எந்திரிக்காம இருந்தாப் போதும்."

திங்கட்கிழமை ஏற்றினேன். விசிறி இல்லாமல் வியர்த்தது. படத்தில் மனைவியின் கண் இருக்கும் இடத்தைத் தவிர்த்து, சேலைக் கரையைப் பார்த்தேன், தோட்டைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பார்க்க வேறு இடம் இல்லாமல் போயிற்று. ஜெபம் பாதிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. கால் மணி நேரம் கழித்துச் சுடரை வேறொரு டம்ளரால் மூடி அணைத்து, திரியில் பொறி இல்லை என்று பார்த்துவிட்டு மகளை அழைத்தேன்.

"அணைச்சாச்சும்மா."

"எந்திரிச்சீகளா?"

"எந்திரிக்கல."

"அழுதீகளா?"

"இல்ல. வேர்த்துச்சு."

"சரி, சாப்பிடுங்க. நாளைக்கும் பண்ணணும்" என்று வைத்துவிட்டாள். ரசம் ஆறியிருந்தது. அப்படியே ஊற்றிச் சாப்பிட்டேன்.