விளிம்பில் இருந்த பேர்

வெள்ளிக்கடை செந்தமிழன் போன் செய்தபோது ஜெகபர் அலி ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில் ஏசியைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"பாய், ராணி தலை போட்ட மெடல் ஒண்ணு வந்திருக்கு. கொலுசுக்கு மாத்த வந்திருக்காங்க. துறையூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பறக்குறாங்க, சீக்கிரம் வாங்க."

"அரம் போட்டுடாதீங்க!" என்று அலி கத்துவதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

பாலக்கரை அலிக்கு இந்தப் பைத்தியம் ஷார்ஜாவில் பிடித்தது. அங்கே பழைய சாமான் சந்தையில் விக்டோரியா ராணி காலத்து மெடல் ஒன்றைப் பார்த்தார். விளிம்பில் மதராஸ் படைச் சிப்பாய் ஒருவரின் பெயர். நம்ம ஊர் ஆள் பேரு இங்கே எப்படி வந்தது என்று அன்று தூக்கம் போனது. ஊர் திரும்பிப் பதினோரு வருஷத்தில் இருபத்து மூன்று மெடல் சேர்த்துவிட்டார். ஒன்றில்கூடப் பெயர் முழுசாக இல்லை. பெயர் வெட்டியிருப்பது விளிம்பில். வெள்ளிதானா என்று பார்க்கக் கடைக்காரர்கள் அரம் போடுவதும் அதே விளிம்பில்.

காவிரிப் பாலத்தில் வண்டி நகரவே இல்லை. சந்து கிடைத்த இடமெல்லாம் நுழைந்து, திட்டு வாங்கி, பெரிய கடை வீதிக்கு வந்து படியேறினால் செந்தமிழன் கையில் அரம். எதிரே வீராயி என்ற அம்மா. அவர் மகள் கனிஷ்கா புதுக் கொலுசைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!"

"என்ன பாய், உங்க வீட்டுச் சீரா?" என்றார் செந்தமிழன்.

அலி மெடலை வாங்கித் திருப்பினார். சாய்ந்த இங்கிலீஷ் எழுத்து, ஒரு கீறல் இல்லை. எந்த வெள்ளைக்காரனோ காதில் விழுந்தபடி 'மரூதே' என்று எழுதியிருந்தான்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார் வீராயி.

கம்பெனி பேரு என்று சொன்னால் போதும், மெடல் அலிக்குத்தான். செந்தமிழனும் கண்ணைக் காட்டினார். அலி மறுபடியும் விளிம்பைப் பார்த்தார்.

"மருதைன்னு ஒரு சிப்பாய் பேருங்க. மேல பட்டையில பர்மான்னு இருக்கு, அந்தச் சண்டைக்குப் போனவர்."

வீராயி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது எங்கப்பா பேரு!" என்றாள் கனிஷ்கா. "அம்மா சொல்ல மாட்டாங்க."

"அவங்க வீட்டுல மூத்த பிள்ளைக்கெல்லாம் அந்தப் பேருதாங்க" என்றார் வீராயி மெதுவாக.

அலி அவசரமாகச் சொன்னார்: "கொலுசு நான் வாங்கித் தரேங்க. இதை எனக்குக் குடுங்க. பேரு தேயாம வச்சிருப்பேன்."

வீராயி அவரையே பார்த்தார். "சும்மா வச்சிருந்தாலே தேயாதுல்லங்க?"

"தேயாது."

"அப்ப எங்க வீட்டுலயே இருக்கட்டும். கழட்டுடி கொலுசை."

கனிஷ்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கழற்றினாள். இருவரும் படியிறங்கினார்கள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல பாய்?"

அலி தெருவுக்கு ஓடினார். "அம்மா! புளி போட்டு மட்டும் தேய்ச்சிடாதீங்க!"

"விபூதி?"

"அதுவும் வேண்டாங்க!"