டீ குடித்த வருஷம்

எங்கள் ஆஸ்பத்திரிச் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போனால் அதிகாரி கொடுக்கும் டீயைத் தொடக் கூடாது. பேச்சு நமக்குச் சாதகமாக முடிந்தால் மட்டும்தான் கிளாஸை எடுக்கலாம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. எனக்கு முன்னால் சங்கத்துக்காகப் பேசப் போனவர் தன் காலம் முழுக்க இரண்டே தடவைதான் டீ குடித்தாராம். அதனால் திரும்பி வரும்போது எவ்வளவு ஏறியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். "டீ குட்ச்சியா சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை. எனக்கு நிரந்தரப் பணி, சம்பளம் தன்பாட்டுக்கு ஏறும். வார்டைக் கூட்டித் துடைக்கும் பெண்கள் அப்படியில்லை. அவர்கள் ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள். அவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை மேலே ஓர் அதிகாரி முடிவு செய்வார். அவரிடம் அவர்களுக்காக வாதாட என்னை அனுப்பினார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி, அது ஒன்றுதான் தகுதி.

அந்தப் பெண்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லவேண்டும். நெட்டுக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பத்து வருஷமாக எங்கள் வார்டில் துடைப்பம் பிடித்தவர், துடைப்பத்தோடு மற்றதையும் பிடித்துக்கொண்டார். டிரிப்ஸ் தீரப்போனால் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டி மூடிவிட்டு என்னைக் கூப்பிடுவார். மூச்சுத் திணறுகிறவரை எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்கே காட்டுவார். செய்யக் கூடாத வேலைதான். ஆனால் வார்டு முழுக்க ஒரே நர்ஸ் இருக்கும்போது கூடாது என்று யார் சொல்வது? எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தெரியாத மாதிரி இருந்தோம்.

அந்த வருஷம் போனபோது அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். டீ வந்தது. நான் தொடவில்லை. காகிதத்தைப் புரட்டிவிட்டு, "கூட்டித் துடைக்கிற வேலைக்கு இதுக்கு மேல என்னம்மா கேக்கறீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு காலையில் எங்கள் பக்கம் ஏதோ தொழிற்சாலை வாயு கசிந்து காற்று கெட்டுப்போய், மூக்கும் கண்ணும் எரிய ஜனங்கள் ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். அதை அவருக்குச் சொன்னேன். "டூட்டியில இருந்தது ஒரே நர்ஸ் சார். ஒரு கொழந்தைக்கு உதடு நீலமாயிடுச்சு. கூட்டித் துடைக்கிற ஒரு அம்மாதான் அதை மடியில வாங்கி, ஆக்சிஜனைத் திறந்து, மாஸ்க்கை வெச்சுப் புடிச்சாங்க. பேரு சொல்ல மாட்டேன். நெட்டுக்குப்பத்துல இருந்து ஷேர் ஆட்டோவுல வர்றவங்க. அவங்க செய்யறது வெறும் துடைக்கிற வேலையா, நீங்களே சொல்லுங்க."

அந்த ஒரே நர்ஸ் நான்தான். அதைச் சொல்லவில்லை.

அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எத்தனையோ பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கிறேன், நான் சொன்னதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. "இந்தத் தடவை நல்லா ஏத்தச் சொல்லிப் பரிந்துரை பண்றேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீயை எடுத்தேன். ஆறி ஏடு கட்டியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தார்கள். குடித்தேன் என்றதும் ஒருத்தி விசிலே அடித்துவிட்டாள். அக்கா எல்லாருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார். மகளுக்கு அடுத்த வருஷம் காலேஜ் என்று அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார்.

பத்து நாளில் அந்த அதிகாரியின் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துப்புரவுப் பணியாளரை ஆக்சிஜனைத் தொட அனுமதித்தது யார் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கம்பெனி சூப்பர்வைசர் ஆளைத் தேடி அலையவே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு நெட்டுக்குப்பத்திலிருந்து வருவது அக்கா ஒருவர்தான். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பேரை மறைத்த சாமர்த்தியசாலி நான், ஊரைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் கத்தவில்லை. "அந்தக் கொழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா யாரும்மா பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் என்னைப் போட்டுத் தின்றது. பிறகு அவரே வழியும் சொன்னார். நான் சொன்னது நிஜம் என்றால் அக்காவுக்கு வேலை இல்லை, அன்று டூட்டியில் இருந்த நர்ஸ்மீதும் நடவடிக்கை வரும். நிஜம் இல்லை என்றால் அப்படி எழுதிக் கொடுக்கலாம், ஃபைலை மூடிவிடலாம், அக்கா வேலைக்கு வரலாம். ஆனால் அதிகச் சம்பளத்துக்கு நான் சொன்ன காரணமும் அத்தோடு போய்விடும். "ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்.

சங்கத்தில் பேசினோம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் ஒருவர். நான்தான் வேண்டாம் என்றேன். வயிற்றுப்பாட்டு விஷயம், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வாதாடினேன். மற்ற பெண்களும், எங்களுக்கு ஏறாவிட்டால் பரவாயில்லை, அவர் வந்தால் போதும் என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலையைப் பற்றிய பயமும் அந்த அழுகையில் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்கிறேன், அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

எழுதினேன். துப்புரவுப் பணியாளர்கள் மருத்துவப் பணி எதுவும் அறியாதவர்கள் என்றும், அப்படி எதுவும் செய்ததில்லை என்றும், நான் கூறியது மிகைப்படுத்தியது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

சம்பளம் எப்போதும்போல் பெயருக்குக் கொஞ்சம் ஏறியது. அக்கா திரும்பி வந்தார். வந்த முதல் நாள் காலையிலேயே சூப்பர்வைசர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, யாரும் எதையும் தொடக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, என் கடிதத்தின் நகலை உரக்கப் படித்தார். நான் டூட்டி ரூம் கதவோரம் நின்றிருந்தேன். அக்கா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்து நன்றியாக ஒரு வார்த்தை சொல்வார் என்று மத்தியானம்வரை எதிர்பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் பக்கெட்டை நகர்த்தி நகர்த்தித் துடைத்தார், போனார்.

ஒரு வாரம் அப்படியே போனது. ஒரு மத்தியானம் நான் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். வார்டின் கடைசியிலிருந்து, "சிஸ்டர், இங்க வா" என்று அக்கா கூப்பிட்டார். அவசரமில்லாத குரல். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு மெதுவாகத்தான் போனேன். கட்டிலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். டிரிப்ஸ் பாட்டில் காலி. குழாயில் ரத்தம் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தார், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு.

"பாத்துக்கினே நிக்கிறியேக்கா. மூடியிருக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"எனுக்கு இன்னா தெரியும் சிஸ்டர்? உன் கையாலதான எழுதிக் குட்த்துகிற."

கிண்டலாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், இல்லை.

"வேல போனா போவுது, நாலு வூட்ல பாத்தரம் தேச்சுப் பொயச்சுக்குவேன். பத்து வர்சத்துல நான் பண்ணத வெளிய போயி சொன்னது நீ ஒர்த்திதான். சொல்லிட்டு நீயே இல்லன்னு எழுதிக் குட்த்துட்ட. எழுதறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நான் சக்கரத்தை உருட்டிக் குழாயை மூடினேன். பெரியவர் கண் விழித்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்தது ஐயா என்றேன். அக்கா பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு அடியில் துடைக்கப் போனார்.