யாழினியின் மூச்சும் என் சாம்பிராணியும்

போன ஐப்பசி மழையில் என் எட்டு வயது மகள் யாழினிக்கு மூச்சிழுப்பு வந்தது. ஆஸ்துமா என்றார்கள். மதுரைப் பக்கமிருந்து என் கணவரின் அரசு வேலைக்காக அந்தமான் வந்தவர்கள் நாங்கள். கராச்சர்மாவில் வீடு. சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.

மருந்து, பம்ப் எல்லாம் கொடுத்தும் இழுப்பு நிற்கவில்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். முருகனிடமே சண்டைக்குப் போனேன். நாற்பத்தெட்டு நாள் காலையும் மாலையும் சாம்பிராணி போடுவதாக வேண்டிக்கொண்டேன். அருள் முழுதாகக் கிடைக்கட்டும் என்று பிள்ளையைத் தூபக்காலுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

இழுப்பு கூடியது. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாளோ என்று நடுங்கினேன். டாக்டர் ரத்தம் எடுத்து, பரிசோதனைக்கு விமானத்தில் மெயின்லேண்டுக்கு அனுப்பினார்.

"அலர்ஜி வந்தா ஊறுற ஹிஸ்டமின் சம்பந்தப்பட்ட அளவு ஜாஸ்தியா இருக்கு. ஒத்துக்காதது ஏதோ படுது. எதுன்னு இந்த ரிப்போர்ட் சொல்லாது. தூசி, புகை, சாப்பாடு, எல்லாத்தையும் தியான் குடுத்து, கவனமாப் பாருங்க" என்றார்.

இறாலை நிறுத்தினேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். சருகு எரித்த பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டேன். சாம்பிராணி மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. அது சாமி புகை அல்லவா?

முப்பத்தோராம் நாள் மாலை விளக்கின் முன் அழுதேன். "எதுன்னு நீயே வாயத் திறந்து சொல்லு முருகா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு தூபக்காலை எடுத்தேன்.

"சாம்பிராணி வேணாம்மா. இது போட்டாத்தான் நெஞ்ச அடைக்குது" என்றாள் யாழினி.

"ஏன்டி இத்தனை நாள் சொல்லல?"

"சாமி கோவிச்சுக்கும்னு நீதானம்மா சொன்ன?"

வேண்டுதலைப் பாதியில் விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?

"விளக்கு மட்டும் ஏத்து. முருகன் உங்கிட்ட புகையா கேட்டான்?" என்றார் கணவர். தணலைக் கொண்டுபோய் மழையில் கொட்டினேன்.

மீதி நாட்கள் விளக்கும் பூவும்தான். ஒரே வாரத்தில் இழுப்பு குறைந்தது. பம்பை நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், நிறுத்தவில்லை. நாலு மாதமாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. பள்ளியில் ஓடிப்பிடித்து விளையாடுகிறாள். அப்பாடா என்று எனக்கும் மூச்சு வருகிறது.

வேண்டுதல் தவறிவிட்டதே என்று சிலர் கேட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாயைத் திறந்து சொல் என்றேன், என் பிள்ளையின் வாயால் சொன்னான். அப்பனுக்கே பாடம் சொன்னவன் அவன்.

உங்கள் கஷ்டம் எதுவானாலும் அவனிடம் நம்பிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வீட்டில் பிள்ளைகள் பேசுவதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.