அக்காவைத் தூக்கிப் பழகியவள்

நாற்பத்தேழு கிலோ. தீயணைப்புப் பயிற்சியில் சேர்ந்தபோது ‘குச்சி’யின் எடை அவ்வளவுதான். அறுபது கிலோ பொம்மையைத் தோளில் போட்டு மாடிப்படி இறங்கினால்தான் வேலை. முதல் முயற்சியில் பொம்மையோடு சேர்ந்து உருண்டாள்.

அன்றிலிருந்து அக்கா வேளாவேளைக்குப் பால் காய்ச்சித் தந்தாள். எடை ஏறியது, பலம் ஏறவில்லை.

“குடிச்சிட்டுப் படுத்தா தொப்பைதான்டி வரும். என்னைத் தூக்கிட்டு படி இறங்கு” என்றாள் அக்கா. அவள் சரியாக அறுபது கிலோ.

தினமும் மாலையில் தூக்கினாள். தோளும் தொடையும் திரண்டன. ஆனாலும் சுமை குறைந்தபாடில்லை.

“என்னக்கா, கனத்துக்கிட்டே போற?”

“உனக்குக் காய்ச்சுறப்ப நானும் ஒரு டம்ளர் ஊத்திக்கிறேன்டி.”

இறுதித் தேர்வில் பொம்மை பஞ்சுமூட்டை மாதிரி இருந்தது. திங்கட்கிழமை அவள் வேலையில் சேருகிறாள்.