சின்னம்மா தலைவியான அன்று

எங்கள் வீட்டில் டேனிஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தத் தலைக்கனத்துக்கு அளவே இருக்கவில்லை. ஜெர்மனியில் இருந்துகொண்டு எதற்கு டேனிஷ் என்று கேட்பீர்கள். ஃப்ளென்ஸ்பேர்க் எல்லைப் பட்டினம். எங்கள் தெருமுனையிலேயே டேனிஷ்காரரின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. மழையில் அதிகம் நனையாமல் போய்வருவாள் என்று அம்மா என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

எல்லைக்கு அப்பால், டென்மார்க்கில், அம்மாவின் தங்கை இருந்தார். சின்னம்மா பொருளாதாரம் படித்தவர். முதலில் வங்கி, பிறகு நிதியமைச்சில் ஆலோசகர், பிறகு பாராளுமன்றம். எனக்குப் பத்து வயதானபோது ஒரு கட்சி அவரைத் தன் தலைவியாக்கிவிட்டது. வட்டிவீதம் என்றால் என்னவென்றே தெரியாத அப்பா, அந்தக் கிழமை முழுக்கத் தமிழ்க்கடையில் நின்று பொருளாதாரம் பேசினார்.

யாழ்ப்பாணத்தில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன், இருவரில் ஒருவரைத்தான் கூட்டிப்போக முடியும் என்றபோது, மூத்தவரான அம்மா தன் இடத்தைத் தங்கைக்குக் கொடுத்தார். பல வருடம் கழித்து இங்கே வந்து, ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலைசெய்து சின்னம்மாவைப் படிக்கவைத்ததும் அவர்தான். இதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது.

தலைவியாகச் சின்னம்மா பேசும் முதல் பேச்சு டேனிஷ் தொலைக்காட்சியில் வந்தது. அம்மா றோல்ஸ் பொரித்துவைத்துவிட்டு, எங்கள் வீட்டு ஹோலில் இருப்பதற்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வந்தார். நான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்று மொழிபெயர்த்தேன்.

“சின்ன வயசில இந்த நாட்டுக்கு வந்தனானாம். எனக்கு ஆருமே இல்லையாம். தனிய நிண்டு, தனியப் படிச்சுத்தான் இவ்வளவுக்கு வந்தனான் எண்டு சொல்லுறா!”

அங்கே மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். எங்கள் ஹோலில் வேறு யாரும் தட்டவில்லை.

“இன்னொருக்காச் சொல்லு பிள்ளை,” என்றார் அம்மா. “ஆருமில்லை எண்டே சொன்னவள்?”

“ஓம் அம்மா. ஆருமில்லையாம்.”

“அவள் சின்னப்பிள்ளை, பிழையா விளங்கிப்போட்டாள்,” என்று அப்பா அவசரமாகச் சொன்னார். “சின்னம்மா வேற என்னவோ சொல்லியிருப்பா. என்னடா குஞ்சு, அப்பிடித்தானே?”

எனக்கு வந்ததே கோபம்! என் டேனிஷில் பிழையா? வகுப்பில் என்னைவிட வடிவாக வாசிக்கிறவர் யார்? கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

“இல்லை! எனக்கு வடிவா விளங்கினது. ஆருமே இல்லை எண்டுதான் சொன்னவா. ஒருத்தருமே உதவேல்லையாம்!”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னை இழுத்து மடியில் இருத்தி, சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்தார்.

“ஓம். என்ரை பிள்ளை பிழையாச் சொல்லமாட்டாள்.”

பார்த்தீர்களா என்பதுபோல் அப்பாவை ஒரு பார்வை பார்த்தேன். நான் வென்றுவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.